பழைய டீவி கேமை எறிவதா, வைப்பதா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

சென்ற பாடசாலை விடுமுறையில் நமது ஊர் மண்டபத்தில் பிள்ளைகளுக்காக ஐந்து நாள் நிகழ்ச்சி நடத்தியது தெரியும்தானே. வாசிப்பு, கைவேலை, கிராஅத் எல்லாம் இருந்தன. ஒரு மூலையில் பழைய டீவி கேம் ஒன்றையும் வைத்திருந்தோம். மற்ற எதைப் பற்றியும் யாரும் பேசவில்லை. அந்த மூலையைப் பற்றித்தான் இன்றுவரை பேச்சு.

பேச்சு இரண்டு விதம். "பிள்ளைகள் போனில் கேம் விளையாடி வீணாய்ப் போகிறார்கள் என்று நாமே கவலைப்படுகிறோம். நீங்கள் மண்டபத்துக்குள்ளேயே கேமைக் கொண்டுவந்து வைத்தால் என்ன அர்த்தம்?" என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். எங்கள் வயதுக்காரர்கள் வேறு மாதிரி. "மச்சான், சூப்பர் வேலை! இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியோ எல்லாம் எங்க தெரியும்? நம்ம காலம்தான் காலம்" என்று வட்ஸ்அப்பில் இதயம் இதயமாக அனுப்பினார்கள்.

அடுத்த விடுமுறைக்கும் அதை வைப்பதா, தூக்கி எறிவதா என்று கமிட்டி பேச இருக்கிறது. அந்த மூலையை ஐந்து நாளும் பார்த்துக்கொண்ட மூன்று ஆசிரியர்களும் சேர்ந்து, நாங்கள் கண்டதை இங்கே எழுதி வைக்கிறோம். மேலே சொன்ன இரண்டு பேச்சும் எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

டீவி கேம் என்று நாங்கள் சொல்வது என்ன என்று இளையவர்களுக்காகச் சொல்லவேண்டும். 1983 ஜூலையில் நிண்டெண்டோ கம்பனி ஜப்பானில் ஃபெமிகொம் என்று ஒரு பெட்டியை வெளியிட்டது. டீவியில் செருகி, கெசட் போட்டு விளையாடுவது. நாங்கள் கண்டது அந்தப் பெட்டியை அல்ல. தாய்வானிலும் சீனாவிலும் அதைப் பார்த்துச் செய்த நகல்கள்தான் நமது பக்கம் வந்தன. 90களின் கடைசியில் சவூதியிலோ குவைத்திலோ இருந்து யாருடைய வாப்பாவாவது, மாமாவாவது பெட்டி கட்டிக்கொண்டு வந்தால் அதில் ஒன்று இருக்கும். அந்த வீட்டுக்குப் பின்னேரம் முழு ஊர்ப் பிள்ளைகளும் போவோம். கெசட்டின் மேலே 9999 கேம் என்று போட்டிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் பத்தோ இருபதோ கேம்கள் பெயர் மாறி மாறி வரும். விளம்பரத்தை நம்பக்கூடாது என்று எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அந்த மஞ்சள் கெசட்தான்.

(எல்லாம் நகல் என்றால் செய்தவனுடைய ஹக் என்னாவது என்று ஒரு மௌலவி நண்பர் மண்டபத்தில் கேட்டார். சிரித்தோம். ஆனால் கேள்வி நியாயமானது. அசல் கெசட் விற்கும் கடை ஒன்றை நமது பக்கத்தில் நாங்கள் கண்டதேயில்லை.)

இப்போது ஐந்து நாளில் நடந்ததைச் சொல்கிறோம். காலையில் பெண் பிள்ளைகள், பின்னேரம் ஆண் பிள்ளைகள் என்று பிரித்திருந்தோம். பெரும்பாலும் தரம் 6 முதல் 9 வரை. முதல் நாள் முதல் பத்து நிமிடம் முழுக்கச் சிரிப்புத்தான். "சேர், இது ஏன் சேர் இப்படிக் கட்டம் கட்டமா இருக்கு?" "இதில சேவ் பண்றது எங்க சேர்?" சேவ் கிடையாது, செத்தால் முதலில் இருந்து தொடங்கவேண்டும் என்று சொன்னதும் ஒரு பையன் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எங்களுக்காகப் பரிதாபப்பட்டான்.

எங்கள் வயதுக்காரர்கள் எதிர்பார்த்ததுபோல மரியோவைப் பார்த்து யாரும் மயங்கிவிடவில்லை. கார் ஓட்டும் கேமை இரண்டு பேர் போட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். அதைவிட நல்ல கார் கேம் போனில் இலவசமாக இருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. வாத்து சுடும் துப்பாக்கி வேலையே செய்யவில்லை. துப்பாக்கியில் பழுதில்லை, டீவி புதியது. துப்பாக்கியை அமுக்கினால் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒன்று மின்னும். துப்பாக்கியின் வாயில் உள்ள சின்னக் கண் அந்த வெளிச்சத்தைப் பிடித்தால் வாத்து விழும். பழைய பெருவயிற்று டீவியில் அந்த வெளிச்சம் உடனே வரும். இன்றைய தட்டை டீவி படத்தைக் காட்டச் சற்றுத் தாமதிக்கும். அந்தத் தாமதம் நம் கண்ணுக்குத் தெரியாது, துப்பாக்கிக்குத் தெரிந்துவிடும். ஆகவே அந்த டீவிகளோடு அந்த விளையாட்டும் முடிந்தது. எங்களுக்குப் பெரிய கவலையாக இருந்தது. பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் நமது ஊர்க் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். பழைய தெல்தெனிய விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது. அணை 1985இல் திறக்கப்பட்டது. நாங்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். வறட்சியில் தண்ணீர் இறங்கும்போது பழைய நகரத்தின் சுவர்களும் அத்திவாரங்களும் வெளியே தெரியும். அப்போது வாப்பாமார் எங்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். "இங்கதான் நம்மட கடை. இங்கதான் பஸ் நிக்கும்." அவர்களுக்குக் கண் கலங்கும். நாங்கள் காய்ந்த சேற்றில் நின்று, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று பார்த்துக்கொண்டிருப்போம். அன்பில்லாமல் அல்ல. அவர்கள் காட்டிய இடத்தில் எங்களுக்குச் செய்ய ஒன்றுமிருக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் எங்களில் ஒருவர் வீட்டில் பழைய நகரத்துக் கடைத் தராசு ஒன்று இருந்தது. கடையோடு அதுவும் மேலே வந்தது. அதில் அரிசி நிறுத்தோம், பழைய பேப்பர் நிறுத்தோம், தம்பியை உட்காரவைத்து நிறுத்து அடி வாங்கினோம். கடை எங்கே இருந்தது என்று கேட்டால் இன்று சொல்லத் தெரியாது. தராசின் படிக்கல் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது என்பது நினைவிருக்கிறது.

மரியோவைக் காட்டி "எங்க காலத்துல..." என்று நாம் தொடங்கும்போது பிள்ளைகளின் முகம், அன்று சேற்றில் நின்ற எங்கள் முகம்தான். ஆகவே நமது பாசத்துக்காக இந்த விளையாட்டுகள் அடுத்த தலைமுறைக்குப் போகும் என்று யாரும் நினைக்கவேண்டாம். போகாது.

அப்படியிருந்தும் ஐந்தாம் நாள் மண்டபத்தைப் பூட்ட முடியாமல் நாங்கள் நின்றோம். எதனால் என்று சொல்கிறோம்.

ஒன்று கொன்ட்ரா. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டு சுடும் கேம். கடினமானது, மூன்றே உயிர். அதில் ஒரு விசயம் உண்டு. ஒருவனுடைய உயிர்கள் முடிந்துவிட்டால் மற்றவனிடம் மிச்சமிருக்கும் உயிரில் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்ப வரலாம். எங்கள் காலத்தில் இதில்தான் எத்தனையோ நட்பு முறிந்தது, எத்தனையோ நட்பு தொடங்கியது. "மச்சான், ஒரு உயிர் தாடா" என்று கேட்காதவன் ஊரில் இல்லை. மண்டபத்தில் இரண்டாம் நாள் நானா ஒருவனும் தம்பி ஒருவனும் விளையாடினார்கள். தம்பிதான் கெட்டிக்காரன். நானா மூன்று உயிரையும் முதல் கட்டத்திலேயே தொலைத்துவிட்டு, கேட்காமலே தம்பியின் உயிரை எடுத்தான். அடுத்த ஐந்து நிமிடம் மண்டபத்தில் நடந்தது ஒரு பஞ்சாயத்து. கேட்டு எடுக்கவேண்டுமா, கேட்காமல் எடுக்கலாமா, கொடுத்தவனுக்குத் திருப்பிக் கொடுக்க வழியுண்டா என்று பதினைந்து பிள்ளைகள் பேசினார்கள். போனில் இதே பிள்ளைகள் ஃப்ரீ ஃபயர் விளையாடும்போதும் கூட்டாகத்தான் விளையாடுகிறார்கள், உண்மை. ஆனால் அங்கே ஒவ்வொருவனும் ஒவ்வொரு அறையில். இங்கே தோள் இடிக்கிறது.

30 உயிர் கிடைக்கும் இரகசியத்தையும் சொல்லிக்கொடுத்தோம். மேல் மேல் கீழ் கீழ், இடம் வலம் இடம் வலம், பி, ஏ. இதை உண்டாக்கியவர் கொனாமி கம்பனியில் வேலை செய்த கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986இல் வேறொரு கேமுக்காக. தான் செய்யும் கேம் தனக்கே கடினமாக இருக்கிறது என்று பரீட்சித்துப் பார்ப்பதற்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. இன்டர்நெட் இல்லாத காலத்தில் அது தெல்தெனிய வரை வாயால்தான் வந்து சேர்ந்தது. அடுத்த நாள் காலையில் எங்களுக்குத் தெரியாத பிள்ளைகள்கூட அதை மந்திரம்போலச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் டேங்க் கேம். 1985இல் நம்கோ வெளியிட்ட பெட்டில் சிட்டி. கீழே நடுவில் ஒரு கழுகு இருக்கும், அதைக் காப்பாற்றவேண்டும். எதிரி டேங்குகள் மேலேயிருந்து வரும். இரண்டு பேர் சேர்ந்து விளையாடலாம். தவறி நண்பனைச் சுட்டால் அவன் கொஞ்ச நேரம் உறைந்து நிற்பான். கவனமில்லாமல் சுட்டால் உன் குண்டாலேயே உன் கழுகு உடையும். இதில் யாரும் அதிகம் திறந்து பார்க்காத ஒரு பகுதி உண்டு. வரைபடத்தை நாமே கட்டலாம். செங்கல், இரும்புச் சுவர், மரம், தண்ணீர் என்று கட்டம் கட்டமாக வைக்கலாம். 13க்கு 13 கட்டம்.

மூன்றாம் நாள் தரம் 8 பிள்ளைகள் இரண்டு பேர் நமது பஸாரைக் கட்டினார்கள். ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர், அதுதான் நீர்த்தேக்கம். கண்டிப் பாதை வெறுமையாக. பாதையின் இரண்டு பக்கமும் செங்கல் கடைகள். வங்கிக்கு மட்டும் இரும்பு. திகனப் பக்கம் மரங்கள். டேங்க் தண்ணீரைக் கடக்க முடியாது, ஆனால் குண்டு தண்ணீருக்கு மேலால் போகும். அதை வைத்து, அக்கரையில் நின்று எதிரியைச் சுடும் தந்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். எங்களுக்கே தெரியாத தந்திரம். பிறகு மின்சாரம் ஒரு நிமிடம் போனது. எல்லாம் அழிந்தது. சேவ் இல்லைதானே! பெரிய ஓலம். ஆனால் அடுத்த நாள் அந்தப் பிள்ளைகளில் ஒருவர் சதுரக்கோட்டுக் கொப்பியில் 13 கட்டம் கீறி, பஸாரை நிறம் தீட்டி எடுத்துக்கொண்டு வந்தார். ஐந்தாம் நாள் முடியும்போது எங்கள் மேசையில் இப்படி 22 தாள்கள். பாடசாலை, மைதானம், ஒருவர் தன் வீட்டுக் குசினி. இரண்டு பக்கமும் டேங்க் வரும் குசினி.

கலாசாலையில் எங்களுக்கு விளையாட்டு வழிக் கற்பித்தல் என்று ஒரு தவணை முழுக்கப் படிப்பித்தார்கள். குறிப்பெழுதிச் சித்தியடைந்தோம். அது என்ன என்று கண்டது அந்த 22 தாள்களில்தான்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு மாணவி, "இந்த மரியோ எத்தனை எம்பி சேர்?" என்று கேட்டார். ஒரு எம்பியும் இல்லை, 40 கிலோபைட் என்றதும் நம்பவில்லை. வட்ஸ்அப்பில் நமக்கு வெள்ளிக்கிழமை வரும் ஒரு 'ஜும்ஆ முபாரக்' படம்கூடப் பெரும்பாலும் அதைவிடப் பெரியது. எப்படி அவ்வளவு சிறிதில் அடக்கினார்கள் என்று தேடவைத்தோம். மேலே இருக்கும் மேகமும் கீழே இருக்கும் பற்றையும் ஒரே படம்தான், நிறம் மட்டும் வெள்ளையும் பச்சையுமாக மாறுகிறது என்று அவரே கண்டுபிடித்துக் கத்தினார். இன்றைய கேம்களைப் பார்த்து அது எப்படிச் செய்யப்பட்டது என்று ஒரு பிள்ளையால் ஊகிக்க முடியாது. அதன் பின்னால் நூற்றுக்கணக்கானோர் உழைப்பு. மரியோவைப் பார்த்தால் ஊகிக்கலாம். ஒரு மனிதன் கட்டம் கட்டமாகச் செய்தது என்று தெரிகிறது. நானும் செய்யலாமே என்று தோன்றுகிறது. தகவல் தொழினுட்பப் பாடத்தில் ஸ்க்ரட்ச் படிப்பிக்கும்போது வகுப்பின் பாதி தூங்குவதை அறிந்தவர்களுக்கு அந்தத் தோன்றலின் பெறுமதி தெரியும்.

இளையவர்களுக்கும் பழைய கேமுக்கும் தொடர்பே இல்லை என்பவர்களுக்கு ஒரு செய்தி. டெட்ரிஸ் 1984இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜிட்னோவ் உண்டாக்கியது. அதன் நிண்டெண்டோ பதிப்பு 1989இல் வந்தது. அந்தப் பதிப்புக்கு முடிவு கிடையாது. அதில் 29ஆவது கட்டத்துக்கு மேல் மனிதனால் போக முடியாது என்று நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஒக்லஹோமாவைச் சேர்ந்த வில்லிஸ் கிப்சன் 157ஆவது கட்டம் வரை போய், கேம் தானே உறைந்து நிற்கும்வரை விளையாடினான். அவனுக்கு அப்போது வயது 13. கேம் அவனைவிட இருபது வருடம் மூத்தது. நமது மண்டபத்தில் டெட்ரிஸில் முதலிடம் தரம் 9 மாணவி ஒருவர். எங்கள் மூவரையும் தோற்கடித்தார், இரக்கமில்லாமல்.

பெரியவர்களின் பயத்துக்கு வருவோம். அந்தப் பயம் வீண் பயமில்லை. கொரோனா காலத்தில் பாடத்துக்கென்று கொடுத்த போன்கள் இன்னும் பிள்ளைகளின் கையில்தான் இருக்கின்றன. டயமண்ட் வாங்குவதற்கு உம்மாவின் காசை எடுத்த பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். வகுப்பில் கண் சிவந்து வரும் பிள்ளைகளையும் தெரியும். ஆனால் எல்லாவற்றுக்கும் 'கேம்' என்று ஒரே பெயர் வைத்தால் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். டீவி கேம் காசு கேட்காது. "இன்று வரவில்லையே, உன் பரிசு போய்விடும்" என்று இரவு 11 மணிக்குச் செய்தி அனுப்பாது. கேம் ஓவர் என்று போட்டால் உண்மையாகவே ஓவர். அதற்காகப் பழையதெல்லாம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. அந்த விளையாட்டுகளில் பல, காசு போட்டு விளையாடும் இயந்திரங்களுக்காகச் செய்யப்பட்டவை. கொன்ட்ரா அவ்வளவு சீக்கிரம் கொல்வது அடுத்த காசைப் போடவைக்கத்தான். எங்கள் காலத்திலும் டியூஷன் காசில் அரைமணித்தியாலம் வாங்கி விளையாடியவர்கள் இருந்தார்கள். இன்று கமிட்டியில் இருக்கும் சிலரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்!

இன்னொரு பக்கமும் யோசிக்கவேண்டும். பழைய கேம் நிலைக்குமா என்று கேட்கிறோம். இன்றைய கேம் நிலைக்குமா? இந்தியாவில் 2020 செப்டெம்பரில் பப்ஜி மொபைலைத் தடைசெய்தார்கள். 2022 பெப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் தடைசெய்தார்கள். சரி பிழை வேறு விசயம். கோடிக்கணக்கானவர்கள் வருடக்கணக்காக விளையாடிய ஒன்று ஓர் உத்தரவோடு கடையிலிருந்து மறைந்தது. கம்பனி தன் இயந்திரத்தை நிறுத்தினாலும் அதே கதைதான். கெசட் அப்படியில்லை. கம்பனி மறந்தாலும் அலுமாரியில் கிடக்கும். அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அங்கே வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. பாதுகாத்தது பெரும்பாலும் சாதாரண மனிதர்களின் அலுமாரிகளும், வெட்கத்தோடு சொன்னால், அந்த நகல்காரர்களும்தான். இன்று ஃப்ரீ ஃபயர் விளையாடும் நமது பிள்ளை, முப்பது வருடம் கழித்துத் தன் பிள்ளைக்கு "இதுதான் நாங்க விளையாடினது" என்று எடுத்துக் காட்ட என்ன இருக்கும்?

2018 மார்ச்சை நினைவூட்டி யாருடைய மனதையும் கிளற விருப்பமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஊரடங்கு. பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கம். பயத்தில் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு மூன்று குடும்பத்தின் பிள்ளைகள் ஓர் அறையில் இருந்தார்கள். பெரியவர்கள் யன்னலோரம். பிள்ளைகளின் கையில் உம்மும்மாவின் சின்ன நோக்கியா, அதில் பாம்பு விளையாட்டு. 1997இல் பின்லாந்தில் தனேலி அர்மந்தோ என்ற பொறியியலாளர் நோக்கியா போனுக்காகச் செய்ததன் பேரப்பிள்ளை. சத்தத்தை அணைத்து, ஒரு போர்வைக்கு அடியில், பாம்பு சாகும்வரை ஒருவருக்கு, பிறகு மற்றவருக்கு என்று வரிசையாகக் கைமாற்றினார்கள். சண்டை பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் இன்று உயர்தரம் முடித்துவிட்டார்கள். அந்த இரவில் வேறெதையும் சரியாக நினைவில்லை என்று சொன்ன ஒருவர், தன் அதிக புள்ளியைச் சரியாகச் சொன்னார்.

ஐந்தாம் நாள் முடிந்து வெளியே போன ஆண் பிள்ளைகளில் பாதிப் பேர் மண்டப வாசலிலேயே போனை எடுத்தார்கள். அதையும் மறைக்கவில்லை. டீவி கேம் வந்து போனை விரட்டிவிடும் என்று கமிட்டியிடம் நாங்கள் சொல்லப்போவதில்லை. வருடத்தில் ஐந்து நாள், இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, உயிர் கேட்டு, சண்டை பிடித்து, வீட்டுக்குப் போய்க் கொப்பியில் கட்டம் கீறினால் எங்களுக்குப் போதும். அதற்கு ஒரு மேசையும் ஒரு பிளக் பொயின்ட்டும்தான் தேவை.

வரும் வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு மண்டபத்தில் கூட்டம். எதிர்ப்பவர்களும் கட்டாயம் வாருங்கள். அந்த 22 தாள்களையும் மேசையில் வைப்போம். இப்போது நம்மிடம் இருக்கும் ஜொய்ஸ்டிக் இரண்டில் ஒன்றின் இடது பக்கப் பொத்தான் அமுங்கியபடியே நிற்கிறது. யாருடைய வீட்டு அலுமாரியிலாவது பழையது கிடந்தால் கூட்டத்துக்கு வரும்போது கையோடு எடுத்து வாருங்கள். வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, கழற்றிப் பார்க்க இரண்டு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். பழைய பெருவயிற்று டீவி ஒன்று யாரிடமாவது இருந்தால் இன்னும் நல்லது. அந்த வாத்துத் துப்பாக்கியை ஒரு தடவையாவது சுட்டுப் பார்க்கவேண்டும்.